குணலட்சுமியின் பதினொரு விதிகள்

குணலட்சுமி எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் மணந்து பார்ப்பாள். கடையில் வாங்கிய எழுதுகொப்பியை மணப்பாள். தபாலில் வந்த கடிதத்தைப் பிரிக்க முன்னர் மணப்பாள். அலுவலகத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். பிளொப்பி என்னும் கணனித் தட்டு ஒவ்வொன்றையும் கடதாசி உறையிலிருந்து இழுத்து, மூக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் பிடித்து, கண்ணை மூடி மணந்துவிட்டுத்தான் கணனியின் வாய்க்குள் விடுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. காணிப் பதிவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, கருவாடோ?"

"இல்லை ஐயா. சாமி மணக்குதோ எண்டு பாக்கிறன்."

அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் என் தங்கை. என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் எட்டாம் வகுப்போடு நின்று இணுவிலில் வீட்டிலிருந்தே சட்டை தைக்கிறேன். அவள் கணிதத்தில் உயர்தரம் இரண்டு முறை எடுத்து, இரண்டாம் முறை நான்கு புள்ளியால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவள். அழவில்லை. திருநெல்வேலியில் ஒரு தனியார் வகுப்பில் கணனி படித்தாள். மின்சாரம் இல்லாத ஊரில் கணனி படிப்பது எப்படி என்று கேட்டால், கடதாசியில் சாவிப் பலகையைக் கீறி அதன்மேல் விரல் ஓட்டிப் படித்ததாகச் சொல்வாள். நிழற்பிரதி எடுத்த ஒரு கைநூல் அவளிடம் உண்டு. நூற்று எண்பத்தாறு பக்கம். அதில் நாற்பத்திரண்டாம் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்பதைத் தானே கண்டுபிடித்து, அந்த இடத்தில் பென்சிலால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள்.

பலாலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், மதில் கட்டிய ஒரு பழைய வீட்டில் அவளுடைய அலுவலகம் இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவும் ஒரு சிறு அமைப்பு. தொண்ணூறாம் ஆண்டு வடக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களில் பலரிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அலுமாரிக்குள் இருந்தது, எரிந்துவிட்டது, எடுக்க நேரமில்லை, எங்கே என்று தெரியாது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் காணியின் பெயர், எத்தனை பரப்பு, உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசு, நான்கு எல்லைகள், கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிந்து வைப்பதுதான் வேலை. என்றைக்காவது திரும்பிப் போகும்போது கையில் ஒரு ஆதாரம் வேண்டும் என்பதற்காக. முப்பத்தெட்டுக் கிராமங்கள். எண்ணாயிரத்து அறுநூற்றுச் சொச்சக் குடும்பங்கள்.

முதலில் எல்லாவற்றையும் கடதாசியில்தான் எழுதினார்கள். எழுதியதை ஒரு பாடசாலையின் அறையில் அடுக்கி வைத்தார்கள். தொண்ணூற்றிரண்டில் அந்த அறைமேல் குண்டு விழுந்தது. பதினான்கு மாத வேலை அரை மணி நேரத்தில் எரிந்தது. திரும்பக் கேட்கப் போனபோது, சொன்னவர்களில் நாற்பத்தொரு பேர் உயிரோடு இல்லை. பெரும்பாலும் வயதானவர்கள். எல்லையும் இலக்கமும் அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தன.

அதன் பிறகுதான் ஒரு பழைய கணனியும் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனரேற்றரும் எங்கிருந்தோ வந்தன. கொப்பிக்குத் தட்டுப்பாடு. குணலட்சுமி, எங்களுக்குக் குணம், முகாம்களுக்குப் போய்ப் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவாள். வந்து, தமிழை ஆங்கில எழுத்தில் கணனியில் தட்டுவாள். தட்டி முடிந்ததும் அழிறப்பரால் கொப்பியை அழித்துவிட்டு, அதே பக்கத்தில் அடுத்த ஊரை எழுதுவாள். ஆகவே கணனியில் உள்ளது போனால் வேறெங்கும் இல்லை. வீட்டுக்கு வரும்போது அவளுடைய வலது கையின் ஓரமெல்லாம் அழிறப்பர்த் தூளாக இருக்கும்.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பரமலிங்கம் சேர். முப்பத்தொரு வருடம் காணிப் பதிவில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கணனியில் உள்ளதைத் தட்டுகளில் பிரதி எடுக்கவேண்டும் என்பதில் அவருக்கும் குணத்துக்கும் ஒரே எண்ணம். எந்த முறையில் எடுப்பது என்பதில்தான் மூன்று கிழமை சண்டை.

கணனியிலேயே ஒரு முறை இருந்தது. எல்லா ஊரையும் ஒரே கயிறாக முறுக்கி, ஒரு தட்டு நிரம்ப அடுத்த தட்டு என்று நிரப்பிக்கொண்டு போகும். முப்பத்தொரு தட்டுப் போதும். நேரம் பாதி, மண்ணெண்ணெயும் பாதி. குணம் சொன்னது வேறு முறை. ஒரு ஊருக்கு ஒரு தட்டு. முறுக்காமல், பூட்டாமல், வெறும் எழுத்தாக. ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்ற அட்டவணை. ஏழு தட்டுக் கூட, நேரம் இரண்டு மடங்கு.

"ஒரு காணிப் புத்தகம் ஒண்டாத்தான் பிள்ளை இருக்கவேணும். நீ அதைக் கீரைப்பிடி மாதிரி முப்பத்தெட்டாக் கட்டி வைக்கப் போறாய்" என்றார் சேர்.

"கீரையிலை ஒரு பிடி அழுகினால் மற்றப் பிடி நல்லா இருக்கும் சேர்."

"மண்ணெண்ணெய்க்கு ஆர் போறது? நீயோ?"

குணம் அவர் சொன்ன முறையிலேயே முப்பத்தொரு தட்டிலும் எடுத்தாள். மறுநாள் சேரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "சரி சேர், இப்ப திருப்பிப் போட்டுப் பாப்பம்" என்று ஒவ்வொன்றாக விட்டாள். பதினாறு தட்டு ஒழுங்காக ஏறியது.

"பதினேழாவதைத் தா எண்டு நிக்குது."

"அப்ப குடு பிள்ளை."

"அது இல்லை சேர். செல் குண்டு விழுந்த வீட்டிலை இருந்தது எண்டு வையுங்கோ."

"அப்ப பதினெட்டைப் போடு."

"எடுக்காது."

"மிச்சம் இருக்கிறது?"

"மிச்சம் வெறும் பிளாஸ்ரிக்."

சேர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். குணம் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, புட்டுப் பெட்டிக்குக் கீழிருந்து பதினேழாம் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்ரை முறைப்படியே செய், எடி பிள்ளை. ஆனா புட்டுக்குக் கீழை இனி வையாதை" என்றார்.

பிரதிகளை வைக்கும் இடமும் அவளே தெரிவு செய்தாள். ஒரு தொகுதி எங்கள் வீட்டில். ஒன்று கொக்குவிலில் சேர் வீட்டில். ஒன்று திருநெல்வேலியில் மீனாம்பிகை ரீச்சர் வீட்டில். ரீச்சர் அவளுடைய பழைய கணித ஆசிரியை. ஒரு குண்டுக்கு இரண்டு வீடு அகப்படக்கூடாது என்று சைக்கிள் சில்லுச் சுற்றை எண்ணித் தூரம் அளந்தாள். நான்காவதுக்கு ஆள் இல்லை. கடைசியில், திருநெல்வேலிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு வெறும் கடகப்பெட்டியோடு அலுவலகப் படியில் வந்து இளைப்பாறும் பாசையூர் லூர்த்தம்மாவிடம் கேட்டாள். கடற்கரை, உப்புக் காற்று, தீவுப் பக்கமிருந்து செல் விழும் இடம். "உது பேருக்கு நாலாவது, அக்கா. உதை நம்பேலாது" என்று என்னிடம் சொன்னாள்.

நான்கு தொகுதிக்கும் நான்தான் துணிப்பை தைத்தேன். முப்பத்தெட்டு அறை, ஒவ்வொன்றும் ஐந்தே முக்கால் அங்குலச் சதுரம், இரட்டைத் தையல். பையை மடித்துப் பிஸ்கற் தகரப் பேணிக்குள் வைத்து, பேணியின் மூடிக்கு உட்புறம் அவள் தன் உருண்டைக் கையெழுத்தில் பதினொரு விதிகளை எழுதி ஒட்டினாள். வெயில் படக்கூடாது. தண்ணீர் ஒரு துளியும் படக்கூடாது. வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. எலி, கறையான், அடுப்புப் புகை. பாரம் ஏற்றக்கூடாது. வளைக்கக்கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. இப்படியே பதினொன்று. நான்கு வீட்டிலும் அவளே வாசித்து விளங்கப்படுத்தினாள். மாதம் ஒருமுறை எல்லாத் தொகுதியையும் எடுத்து வந்து, கணனியில் விட்டு, புதிதாகச் சேர்ந்ததை ஏற்றித் திருப்பிக் கொடுப்பாள்.

தொண்ணூற்று நான்கு புரட்டாதியிலும் ஐப்பசியிலும் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கிடைத்த சொட்டில் புதிய பதிவுகளைத் தட்டினாள். சரிபார்ப்பு இரண்டு மாதம் நின்றது. கார்த்திகை முதற்கிழமை, ஜெனரேற்றர் ஒருமுறை உறுமி, விளக்கு வெள்ளையாக எரிந்து அணைந்தது. கணனிக்குள்ளிருந்து கம்பி கருகும் மணம் வந்தது. திரும்பப் போட்டபோது திரை எரிந்தது. ஆனால் உள்ளே இருந்த வன்தட்டு எழும்பவில்லை. இரண்டு வருடமாகத் தட்டியது எல்லாம் அதற்குள் இருந்தது.

பரமலிங்கம் சேர் தலையில் கை வைத்தபடி படியில் இருந்துவிட்டாராம். குணம் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "இதுக்குத்தானே சேர் நாலு வீடு" என்றாளாம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் கவலையே இல்லை. சொல்லப்போனால் ஒரு பெருமை இருந்தது. தான் தெரிந்தெடுத்த முறை சரிதான் என்று காட்டும் நாள் வந்துவிட்ட பெருமை.

"அக்கா, பேணியைத் தாங்கோ."

நான் சாமி அறைக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கும் பெருமைதான். சொல்லிக்கொண்டே கொடுத்தேன். "சரஸ்வதி பூசைக்கு உன்ரை தட்டெல்லாத்தையும் வடிவா வைச்சுக் கும்பிட்டனான். நீ அண்டைக்கு மிருசுவில் முகாமிலை நிண்டனி."

மூடியில் இருந்த அவள் கை நின்றது.

"எப்பிடி வைச்சனீங்கள்?"

"உறையாலை எடுத்து, கும்பத்துக்கு முன்னாலை முப்பத்தெட்டையும் அடுக்கி, எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைச்சன். ஒண்டும் விடேல்லை."

"எந்த இடத்திலை?"

தட்டைக் கண்டவர்களுக்குத் தெரியும். கறுத்த சதுர உறையின் நடுவில் ஒரு வட்டத் துளை. அதற்குக் கீழே நீளமாக, கண்போல ஒரு திறப்பு. அதற்குள்ளே மண்ணிறத் தகடு பளபளவென்று தெரியும். நான் அந்தக் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு இடத்தில்தான் எழுத்து முழுவதும் திறந்து கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் ஈரத்துணியால் துடைத்து உறையில் போட்டேன். சந்தனம் துடைக்கத் துடைக்க உள்ளே போயிருக்கிறது.

அவள் என்னை ஏசவில்லை. ஒரு தட்டை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய் மணந்தாள். நான் கண்ட முதல் தடவை அதுதான்.

மறுநாள் விடிய இருவரும் சைக்கிளில் கொக்குவிலுக்குப் போனோம். சேர் பேணியைத் தானே திறந்து காட்டினார். ஒவ்வொரு தட்டிலும் குங்குமம் காய்ந்து செம்மண்ணாக இருந்தது. "கல்விச் சாமான் எல்லோ பிள்ளை. கொலுவிலை வைக்காமல் விடலாமோ?" என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. மீனாம்பிகை ரீச்சர் வீட்டில் ரீச்சரின் மாமியார் வைத்திருந்தார். அங்கே சந்தனத்தோடு பூவிதழும் ஒட்டியிருந்தது. மூன்று வீட்டுக்காரரும் முன்கூட்டிக் கதைத்துச் செய்ததல்ல. ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பொட்டு வைத்திருந்தோம். அவ்வளவு பத்திரமாகப் பார்த்தோம். பதினொரு விதியையும் காத்தோம். அந்தப் பதினொன்றில் சந்தனம் இல்லை.

திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்று குணம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

"வீட்டுக்கு வீடு தூரம் அளந்தனான் அக்கா. மூண்டு வீட்டிலையும் தொங்கிறது ஒரே கலண்டர் எண்டதைப் பாக்கேல்லை."

பாசையூருக்குப் போகும்போது அவள் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் இரவும் அங்கே செல் விழுந்திருந்தது. லூர்த்தம்மா வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் ஓடு இல்லை. அவர் எங்களைக் கண்டதும், "வாங்கோ மோனை, உங்கடை நேர்த்திக்கடன் பத்திரமா இருக்கு" என்று அரிசிப் பீப்பாவுக்குள்ளிருந்து பேணியை எடுத்தார். சீலை சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, மீன்வலை நூலால் கட்டியிருந்தது.

"இதுக்கு ஏதும் செய்தனீங்களோ? கும்பிட, மந்திரிக்க?" என்று குணம் கேட்டாள்.

லூர்த்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதை ஏன் கேக்கிறாய்! வீடு மந்திரிக்க வந்த எங்கடை சேர்ச் சுவாமியார், உதென்ன பேணி எண்டு கேட்டார். சனத்தின்ரை காணியெல்லாம் இதுக்கை இருக்கு சுவாமி எண்டன். நல்லது, திறவுங்கோ, தீர்த்தம் தெளிக்கிறன் எண்டார். நான் விடேல்லை. ரெண்டாம் விதி, தண்ணி ஒரு துளியும் படக்கூடாது எண்டு பிள்ளை எழுதியிருக்கு, நீங்கள் தள்ளி நிண்டு செபியுங்கோ எண்டன். மனுசன் முகம் கறுத்துப் போனார். ஒரு மாதமாப் பூசைக்குப் போகேக்கை நான் பின் வரிசை வாங்கிலைதான் இருக்கிறன்."

குணம் தரையில் உட்கார்ந்து அந்தப் பேணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் அழுததைக் கண்டது அன்றுதான். லூர்த்தம்மா, "என்ன மோனை, பழுதாக்கிப் போட்டனோ?" என்று பதறினார்.

அலுவலகத்துக்கு வேறொரு பழைய கணனி இரவலாக வந்தது. பாசையூர்த் தொகுதியில் முப்பத்தேழு தட்டு ஒழுங்காக ஏறியது. ஆனால் அது ஆவணி மாதத்துப் பிரதி. அதற்குப் பின் சேர்ந்த இருநூற்றுப் பதின்மூன்று குடும்பம் இல்லை. கொப்பியை அழித்தாயிற்று. திரும்பவும் முகாம் முகாமாகப் போனாள். பதினேழு பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை ஒரு தனித் தட்டில் வைத்திருக்கிறாள். அதில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

முப்பத்தெட்டில் ஏறாத ஒன்று இருபத்தேழாம் தட்டு, கட்டுவன். பூஞ்சணம் பிடித்திருந்தது. உப்புக் காற்று அந்த ஒன்றில் தன் வேலையைக் காட்டியிருந்தது. மற்ற மூன்று வீட்டு இருபத்தேழிலும் சந்தனம். நான்கு பழுதான தட்டிலிருந்து ஒரு நல்ல தட்டைப் பொறுக்கி எடுக்கவேண்டும். குணம் சவர அலகால் உறையை வெட்டி, உள்ளிருந்த மண்ணிறத் தகட்டை எடுத்து, கொதித்தாறிய தண்ணீரில் கழுவினாள். என் தையல் நூலைக் கட்டி நிழலில் காயவிட்டேன். வேறு தட்டின் உறைக்குள் அதைச் செருகி, கணனியில் விட்டு, வந்த எழுத்தை ஒட்டினாள். ஒரு தடவை விட்டால் எங்கள் வீட்டுத் தட்டில் இரண்டு வரி, ரீச்சர் வீட்டுத் தட்டில் ஒரு பக்கம், பாசையூர்த் தட்டில் ஆறு பக்கம். சேர் சொன்ன முறையில் முறுக்கி வைத்திருந்தால் ஒரு எழுத்தும் கிடைத்திராது. வெறும் எழுத்தாக வைத்ததால் துண்டுகளாவது கிடைத்தன. பத்தொன்பது நாள் எடுத்தது. கட்டுவனில் இருநூற்று முப்பத்தொரு குடும்பத்தில் இருநூற்று முப்பது முழுதாக வந்தது.

வராத ஒன்று நாகேஸ்வரி அம்மாவுடையது.

இந்த அம்மா மாதத்தின் முதற் செவ்வாய் பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாங்கில் உட்கார்ந்து, "வாசி பிள்ளை" என்பார். அவருடைய கணவர் முருகேசு முகாமில் படுத்த படுக்கையாக இருந்துகொண்டு சொன்ன பதிவு அது. சொல்லி எட்டாம் நாள் இறந்துபோனார். அவர் சொன்ன சொல்லிலேயே இருப்பதால், நாகேஸ்வரி அம்மா அதைக் கேட்க வருவார். 'பனையடி வளவு. பரப்பு மூண்டேகால். முன்வாசல்லை வைச்ச கறுத்தக்கொழும்பான் மா எங்கடை கலியாணத்துக்கு வைச்சது.' அந்த இடத்தில் அம்மா ஓம் என்று தலையாட்டுவார். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டிலும் செவ்வாய் பத்து மணிக்கு ஜெனரேற்றரைப் போடுவார்கள்.

தட்டு பழுதானால் ஒன்றிரண்டு எழுத்தாகப் போகாதாம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துக் கட்டாகத்தான் போகுமாம். 'உறுதி இலக்கம் நாப்பத்தொண்டு' என்ற இடத்தில் எழுத்து அறுந்து, கிணற்றுப் பங்கின் நடுவில் திரும்பத் தொடங்கியது. இரண்டிரண்டாகச் சொல்லும் நான்கு எழுத்து இலக்கம்; நாலாயிரத்து நூற்றுச் சொச்சம். கடைசி இரண்டு எழுத்து இல்லை. நொத்தாரிசின் பெயர் இல்லை. நான்கு எல்லையும் இல்லை.

"எல்லையை அந்த மனிசியே சொல்லும். இலக்கத்துக்கு ஏதாவது ரெண்டு எழுத்தைப் போட்டுவிடு. ஆர் பாக்கப் போறாங்கள்?" என்றார் பரமலிங்கம் சேர். அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தச் சந்தனம் அவரை மெலிய வைத்திருந்தது.

"பிழையான இலக்கம் போட்டால், நாளைக்கு அந்த இலக்கத்துக்காரன் வந்து நிப்பான் சேர். இல்லாதது இல்லாததாகவே இருக்கட்டும்."

"அவவுக்கு என்ன சொல்லுவாய்?"

"போச்சுது எண்டு."

அப்படியே சொன்னாள். நானும் அன்று போயிருந்தேன். யார் பொட்டு வைத்தது என்பதையும் நானே சொல்லவேண்டும் என்று நினைத்துப் போனேன். சொன்னேன். நாகேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார். "நானெண்டாலும் வைச்சிருப்பன்" என்றார். பிறகு குணத்தின் பக்கம் திரும்பி எல்லைகளைச் சொன்னார். வடக்கே ஒழுங்கை. கிழக்கே கணவரின் தமக்கையின் காணி. தெற்கே கோயில் மடப்பள்ளிக் காணி. மேற்கே பூவரச வேலி, வேலி தங்கள் பக்கம். நொத்தாரிசின் பெயரும் யோசித்து வந்தது. இலக்கம் வரவில்லை; மாதா மாதம் வாசித்தவளுக்கும் கேட்டவருக்கும் அது மட்டும் நினைவில் நிற்கவில்லை.

"அவர் சொல்லேக்கை பக்கத்திலைதான் இருந்தனான் பிள்ளை. நாப்பத்தொண்டு எண்டு சொல்லி இருமினவர். நான் தண்ணி எடுக்க எழும்பினனான். வந்து பாக்க அடுத்த கதைக்குப் போட்டார்."

வீட்டுக்கு வந்து நான் குணத்திடம் கேட்டேன். "அந்த ரெண்டு எழுத்து எங்கடை வீட்டுத் தட்டிலையோ போனது?"

அவள் ஒரு தட்டை மணந்துகொண்டே, "நாலிலையும் போனது அக்கா" என்றாள்.

இப்போது அவள் பிரதி வைக்கும் வீடுகளைத் தெரிந்தெடுக்கும் விதம் வேறு. தூரம் அளப்பதில்லை. வாசலில் இருந்து கேள்வி கேட்பாள். வருசத்தில் எந்த நாளில் வீட்டுச் சாமானை எல்லாம் எடுத்துக் கழுவுவீர்கள்? எதற்குப் புகை போடுவீர்கள்? செத்த வீடு நடந்தால் எதை வெளியே எறிவீர்கள்? கண்ணூறு கழிப்பது எப்படி? நான்கு வீடு நான்கு விதமாக இருக்கவேண்டும். எங்கள் வீடு ஒன்று. லூர்த்தம்மா ஒன்று. அவருக்கு விதி வாசிக்கத் தேவையில்லை. இன்னொன்று அங்கிலிக்கன் தேவாலயத்தில் மணி அடிக்கும் ஒருவருடையது. நான்காவதுக்குச் சாமியே கும்பிடாத ஆள் வேண்டும் என்று தேடி, ஏரம்பு மாஸ்டரைப் பிடித்தாள். பழைய பொதுவுடைமைக்காரர்.

"என்ரை வீட்டிலை ஒரு சடங்கும் இல்லைப் பிள்ளை. பயப்பிடாமல் தா" என்றார் அவர்.

"மாமி?"

மாஸ்டர் உள்ளே திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "அவ வெள்ளிக்கிழமையிலை கொஞ்சம் அப்பிடி இப்பிடி."

"அப்ப வெள்ளிக்கிழமையிலை நீங்கள் பேணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும்" என்றாள் குணம். அவர் அப்படியே செய்வதாக மாமி எனக்குச் சொன்னார்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை நான் சந்தனம் அரைத்தால் குணம் மறுப்பதில்லை. பொட்டு வைக்க நெற்றியைக் காட்டுவாள். காட்டும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். விதிகளும் இப்போது பதினொன்று அல்ல, இருபத்தாறு. மூடியில் இடம் காணாமல் பேணியின் சுவர் வரை வந்துவிட்டன. அவற்றில் ஏழு நான் அவளுக்குச் சொன்னவை.

நாகேஸ்வரி அம்மா இன்றும் முதற் செவ்வாய் பத்து மணிக்கு வருகிறார். போன மாதமும் நான் பார்த்தேன். செருப்பைக் கழற்றினார். வாங்கில் இருந்தார். குணம் இருபத்தேழாம் தட்டை மணந்து உள்ளே விட்டு, திரையைப் பார்த்து வாசித்தாள். பனையடி வளவு. பரப்பு மூண்டேகால். கறுத்தக்கொழும்பான். அம்மா தலையாட்டினார். உறுதி இலக்கம் நாப்பத்தொண்டு. அந்த இடத்தில் குணம் நிறுத்தினாள். சாவிப் பலகையில் இலக்கங்கள் இருக்கும் மேல் வரிசையில் இரண்டு விரலை மெல்ல வைத்தாள். வைத்தபடி அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. இல்லை என்று தலையாட்டினார். குணம் விரல்களை எடுக்காமல், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.